லேசான வேலை: தயவா, உரிமையா?

(தோட்டத் தலைவர்கள், மாதர் சங்கத் தலைவிமாருக்கான ஒருநாள் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



இன்று ஞாயிற்றுக்கிழமை. துணி துவைக்கவும் விறகு சேர்க்கவும் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கவும் நமக்குக் கிடைப்பது இந்த ஒரு நாள்தான். அதையும் விட்டுவிட்டு பஸ் ஏறி வந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

சென்ற வருடம் ஒரு மாலை நேரம். பள்ளிக்கூடம் விட்டு, கதவைப் பூட்டிக்கொண்டிருந்தோம். ஒரு அக்கா வந்து நின்றார். எங்களிடம் படித்த ஒரு பையனின் தாய். வலது கை மணிக்கட்டு வளைந்திருந்தது. இடது கையில் ஒரு கடிதம்.

“மாஸ்டர், இத கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்க. ஆபீசுல கையெழுத்து கேக்குறாங்க” என்றார்.

கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது.

அந்த அக்காவுக்கு வயது 43. செக்ரோலில் 24 வருடம் பேர் இருக்கிறது. ஐந்து மாதத்துக்கு முன் ஒரு மழை நாளில், நிறுவைக்குக் கொழுந்து சுமந்து இறங்கும்போது வழுக்கி விழுந்தார். மணிக்கட்டு எலும்பு முறிந்தது. பிளாஸ்டர் போட்டார்கள். எலும்பு ஒட்டியது, விரல்கள் முன்போல மடங்கவில்லை. இரண்டு கையாலும் கொழுந்து பறிக்க முடியாது. ஆஸ்பத்திரி வைத்தியர், வேலைக்குப் போகலாம், பாரம் தூக்கக்கூடாது என்று துண்டு எழுதிக் கொடுத்தார். துண்டோடு பெரட்டுக்குப் போனார். “ரெண்டு கையும் சரியானதும் வாங்க” என்று திருப்பி அனுப்பினார்கள். மறுநாளும் போனார். பதினொரு நாள் போனார். பதினொரு நாளும் பேர் விழவில்லை. பன்னிரண்டாம் நாள் இந்தக் கடிதத்தைக் கொடுத்தார்கள்.

கடிதத்தில் நான்கே வரி. “உடல்நிலை காரணமாக, எனது சுயவிருப்பத்தின் பேரில் வேலையிலிருந்து விலகுகிறேன். எனக்குரிய சேவைக்காலப் பணத்தைத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.” கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு.

வாசித்துச் சொன்னதும் அக்கா கேட்டார்: “நான் எப்ப மாஸ்டர் விலகுறேன்னு சொன்னேன்? பதினோரு நாளா வேலை கேட்டுத்தானே போனேன்?”

அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் இன்று கூடியிருக்கிறோம்.

முதலில் நம் பிழை

நிர்வாகத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் நம்மைப் பற்றிப் பேசுவோம். கையெழுத்து வைக்கும்படி அந்த அக்காவுக்குச் சொன்னவர் யார் தெரியுமா? நம் சங்கத்துத் தோட்டத் தலைவர்தான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. “அக்கா, இனிமே மலையில நிக்க முடியாது. இருக்கிற காசையாவது வாங்கிக்க. மகன் பேரைப் பதிஞ்சு குடுக்கச் சொல்லி தொரைகிட்ட பேசுறேன்” என்றிருக்கிறார். நாமும் பல வருடங்களாக இப்படித்தான் சொல்லி வந்திருக்கிறோம். இதை உதவி என்றே நினைத்திருந்தோம்.

அதற்கு முன் இன்னொரு தோழர். கவ்வாத்து வெட்டும்போது சிம்பு தெறித்து ஒரு கண் பார்வை போயிற்று. ஒற்றைக் கண்ணோடு கவ்வாத்துக் கத்தி பிடிப்பது ஆபத்து என்று நிர்வாகம் சொன்னது. நாங்களும் சரி என்றோம். அவர் கையெழுத்து வைத்தார். கிடைத்த காசில் கூரைத் தகரம் மாற்றினார், மகள் கலியாணத்தை முடித்தார், கடனைக் கட்டினார். எட்டு மாதத்தில் காசு முடிந்தது. பிறகு அதே தோட்டத்தில் கைக்காசு வேலைக்குப் போனார். என்ன வேலை கொடுத்தார்கள்? அதே மலையில் அதே கவ்வாத்து. செக்ரோலில் பேர் இருந்தபோது ஆபத்தாகத் தெரிந்த ஒற்றைக் கண், ஊழியர் சேமலாப நிதி கட்டாத கைக்காசு வேலை என்றானதும் ஆபத்தாகத் தெரியவில்லை. அவரிடம் நாம் மன்னிப்புக் கேட்டிருக்கிறோம். ஆனால் அந்தக் கையெழுத்தைத் திரும்ப வாங்க முடியவில்லை.

ஆகவேதான் இந்த முறை அக்காவிடம், “கையெழுத்து வைக்காதீங்க. கடிதத்தை எங்ககிட்ட குடுத்துட்டுப் போங்க” என்றோம்.

அந்தக் கையெழுத்தின் விலை என்ன?

தலைவர்மார் கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்கள். சேர்ந்து கணக்குப் பார்ப்போம்.

1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, ஐந்து வருடம் வேலை செய்த நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம் சேவைக்காலப் பணமாகக் கிடைக்க வேண்டும். 24 வருடத்துக்கு 336 நாள் சம்பளம். ஏறக்குறைய ஒரு வருடச் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். 2021 ஆம் ஆண்டின் சட்டப்படி ஆகக் குறைந்த ஓய்வு வயது 60. அக்காவுக்கு 43. அப்படியென்றால் இன்னும் 17 வருட வேலை இருக்கிறது. அந்த 17 வருடத்திலும் அவர் சம்பளத்தோடு, நிர்வாகம் கட்ட வேண்டிய 12 சதவீத சேமலாப நிதியும் 3 சதவீத ஊழியர் நம்பிக்கை நிதியும் இருக்கின்றன. ஒரு வருடச் சம்பளத்தைக் காட்டி 17 வருடத்தை எழுதி வாங்குகிறார்கள். அந்த ஒரு வருடச் சம்பளமும் தானமல்ல. எப்போது விலகினாலும் அவருக்குச் சேர வேண்டிய சொந்தக் காசு அது.

இன்னொரு விஷயம். நம் லயத்துக் காம்பரா வேலையோடு கட்டப்பட்டது. வீட்டில் ஒருவருக்கும் செக்ரோலில் பேர் இல்லை என்றால் என்ன பேச்சு வரும் என்று உங்களுக்குத் தெரியும். அதனால்தான் “மகன் பேரைப் பதிகிறோம்” என்ற வார்த்தைக்கு நாம் மயங்குகிறோம். கொழும்புக் கடையில் நிற்கும் பையன், தாயின் வீட்டைக் காப்பாற்ற மலைக்குத் திரும்ப வேண்டியதாகிறது. ஒருவருடைய மணிக்கட்டு முறிந்ததற்கு இரண்டு பேருடைய வாழ்க்கையைக் கேட்கிறார்கள்.

‘சுயவிருப்பம்’ என்ற சொல் ஏன்?

அந்தக் கடிதத்தில் ‘சுயவிருப்பத்தின் பேரில்’ என்ற சொல் சும்மா வரவில்லை. வேலையாட்களின் தொழில் முடிவுறுத்தல் பற்றி 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், ஒழுக்கக் குற்றம் அல்லாத காரணத்துக்காக ஒருவரை நிறுத்துவதென்றால் இரண்டில் ஒன்று வேண்டும். ஒன்று, அந்தத் தொழிலாளியின் எழுத்து மூலமான சம்மதம். அல்லது, தொழில் ஆணையாளரின் எழுத்து மூலமான முன் அனுமதி. முந்திய 12 மாதத்தில் 180 நாள் வேலை செய்தவருக்கு இந்தப் பாதுகாப்பு இருக்கிறது.

கை முறிவது ஒழுக்கக் குற்றமா? கண் போவது குற்றமா? இல்லை. ஆகவே நிர்வாகம் ஆணையாளரிடம் போக வேண்டும். அங்கே காரணம் சொல்ல வேண்டும், விசாரணை நடக்கும், சங்கம் வந்து பேசும். அந்தச் சிரமம் எல்லாவற்றையும் ஒரே ஒரு கையெழுத்து இல்லாமலாக்கிவிடும். அந்தக் கோட்டின் மேல் நாம் வைக்கும் ரேகைதான் சட்டம் கேட்கும் ‘சம்மதம்’.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். தற்காலிகமாகவோ நிரந்தரமாகவோ வேலை கொடுக்காமல் விடுவதையும் அந்தச் சட்டம் வேலைநிறுத்தியதாகவே எடுத்துக்கொள்கிறது. ஆகவே பெரட்டிலிருந்து பதினொரு நாள் திருப்பி அனுப்பியதை, “நாங்கள் நிறுத்தவில்லையே, சுகமானதும் வரச் சொன்னோம்” என்று சொல்லித் தப்ப முடியாது.

மாற்று ஏற்பாடு என்றால் என்ன?

சரி, நிறுத்தக் கூடாது என்கிறோம். நிறுத்தாமல் என்ன செய்வது? இரண்டு கையால் பறிப்பவர் பறிக்கிற கொழுந்தை ஒரு கையால் பறி என்று மலைக்கு அனுப்பினால், 18 கிலோ, 20 கிலோ எப்படி வரும்? தினமும் அரைப் பேர்தான் விழும். அது நிறுத்துவதை விட மெதுவான நிறுத்தம்.

இங்கேதான் ‘நியாயமான மாற்று ஏற்பாடு’ என்ற சொல் வருகிறது. பெரிய சொல்லாக இருக்கிறது, ஆனால் விஷயம் சின்னது. பள்ளிக்கூடத்தில் நாங்கள் தினமும் செய்வதுதான். ஒரு பிள்ளைக்குக் கரும்பலகை தெரியவில்லை. அந்தப் பிள்ளையைப் படிப்பை விட்டு நிறுத்துகிறோமா? முன் வாங்கில் உட்கார வைக்கிறோம். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக எழுதுகிறோம். கணக்கு அதே கணக்குத்தான். பரீட்சை அதே பரீட்சைதான். பிள்ளை மாறவில்லை, வாங்கு மாறியது. மாற்று ஏற்பாடு என்றால் இதுதான்.

தோட்டத்தில் இது புதிதும் அல்ல. பிள்ளைத்தாய்ச்சியை சரிவான மலைக்கு அனுப்பாமல் பக்கத்தில் லேசான வேலை கொடுக்கும் வழக்கம் நமக்குத் தெரியும். கைப்பிள்ளைக்காரிக்குப் பிள்ளை மடுவம் இருக்கிறது, பால் கொடுக்கப் போய்வர நேரம் இருக்கிறது. இதைப் பார்த்து யாராவது “வேலை செய்யாமல் சம்பளம் வாங்குகிறாள்” என்று சொல்கிறோமா? உடம்புக்கு ஏற்ப வேலையை மாற்றலாம் என்பதைத் தோட்டம் ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருக்கிறது. கை முறிந்தவருக்கும் கண் மங்கியவருக்கும் அதையே கேட்கிறோம்.

ஒவ்வொரு தோட்டத்திலும் செய்யக்கூடிய சிலவற்றைச் சொல்கிறோம். குறித்துக்கொள்ளுங்கள்.

முழங்கால், இடுப்பு வலிக்காரருக்கு ரோட்டோரத்து மட்டமான மலையில் நிரை கொடுக்கலாம். கொழுந்தை நிறுவைக்குச் சுமந்து போக இன்னொருவரை ஏற்பாடு செய்யலாம், அல்லது தராசைக் கிட்டக் கொண்டு வரலாம்.

ஒரு கை இயலாதவருக்கு நாற்றுமேடையில் மண் நிரப்புதல், தண்ணீர் ஊற்றுதல், களை பிடுங்குதல் இருக்கின்றன. இஸ்டோரில் தேயிலையில் குச்சி பொறுக்கும் வேலை இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரிந்தவர் என்றால் நிறுவையில் கிலோ எழுதலாம்.

காது கேளாதவருக்குக் கொழுந்து பறிப்பதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் குளவி கலைந்து “ஓடுங்க” என்று சத்தம் போட்டால் அவருக்குக் கேட்காது. பக்கத்து நிரையில் நிற்பவர் தோளைத் தட்டிக் கூட்டிப் போக வேண்டும் என்று முன்கூட்டியே ஒருவருக்குப் பொறுப்புக் கொடுத்தால் போதும். இதற்குச் செலவு ஒரு சதமும் இல்லை. ஓர் உயிர் தப்பும்.

வலிப்பு வருகிறவரை உருளை மெஷினுக்குப் பக்கத்திலோ மருந்து அடிக்கவோ செங்குத்தான சரிவுக்கோ அனுப்பக் கூடாது. மட்டமான இடத்தில், மற்றவர்களோடு சேர்ந்து வேலை கொடுக்க வேண்டும்.

சீனி வருத்தக்காரருக்கு நேரத்துக்குச் சாப்பிட இடைவேளை வேண்டும். பார்வை மங்கியவருக்குச் சம்பளத் துண்டை வாசித்துக் காட்ட வேண்டும். மனநோய்க்கு மருந்து எடுப்பவருக்குக் கிளினிக் நாளில் லீவு கொடுக்க வேண்டும், வேலைக்குத் திரும்பும் நாளில் கேலி இருக்கக் கூடாது.

இவை எல்லாவற்றிலும் முழுப் பேர் விழ வேண்டும். லேசான வேலை கொடுத்துவிட்டு அரைப் பேர் போட்டால் அது மாற்று ஏற்பாடு அல்ல, சம்பள வெட்டு.

‘நியாயமான’ என்ற சொல்லையும் நாம் மதிக்க வேண்டும். தோட்டத்தால் தாங்கவே முடியாத செலவை நாம் கேட்கவில்லை. இல்லாத வேலையைப் புதிதாக உண்டாக்கி, ஒருவரைச் சும்மா உட்கார வைக்கச் சொல்லவில்லை. இருக்கிற வேலைகளில் அவர் செய்யக்கூடியது எது என்று தேடுங்கள், அவரையும் சங்கத்தையும் கூப்பிட்டுப் பேசுங்கள் என்கிறோம். முடியாது என்றால் ஏன் முடியாது என்று காரணத்தை எழுத்தில் தாருங்கள் என்கிறோம்.

சட்டம் எவ்வளவு தூரம் வருகிறது?

உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். இல்லாத சட்டத்தை இருக்கிறது என்று சொல்லி ஆபீசுக்குப் போனால் முதல் கேள்வியிலேயே மடங்கிப் போவோம்.

இயலாமையுடைய ஆட்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் நம்மிடம் இருக்கிறது. இயலாமையைக் காரணம் காட்டி வேலைக்குச் சேர்ப்பதில் பாகுபாடு காட்டக் கூடாது என்று அதன் 23 ஆம் பிரிவு சொல்கிறது. மீறினால் மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போகலாம். காது கேளாத நம் பையன் பேர் பதியப் போகும்போது இந்தச் சட்டம் உதவும். ஆனால் அந்தப் பிரிவு பேசுவது ஆட்சேர்ப்பைப் பற்றி. வேலையில் இருக்கும்போது கை முறிந்தவருக்கு நிர்வாகம் மாற்று ஏற்பாடு செய்தே ஆக வேண்டும் என்று அது நேராகச் சொல்லவில்லை.

இயலாமையுடைய ஆட்களின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயம் அதை நேராகச் சொல்கிறது. நியாயமான மாற்று ஏற்பாட்டை மறுப்பதும் பாகுபாடுதான் என்கிறது. அதன் 27 ஆம் உறுப்புரை வேலையைப் பற்றியது. வேலை செய்யும்போது இயலாமைக்கு ஆளானவர்களையும் அது பெயர் சொல்லிச் சேர்க்கிறது. அவர்களுக்குத் தொழிற்சங்க உரிமை உண்டு என்றும் சொல்கிறது. நம் நாடு 2007 இல் அதில் கையெழுத்திட்டு, 2016 இல் ஏற்று உறுதிப்படுத்தியது. ஆனால் சமவாயத்தில் உள்ளதை நாட்டுச் சட்டமாக எழுதினால்தான் ஒரு கம்பனியை நீதிமன்றத்தில் அதை வைத்து நேராகக் கேட்க முடியும். அந்த வேலை இன்னும் முழுமையாக நடக்கவில்லை. அரசாங்கம் உலகத்துக்குக் கொடுத்த வாக்கு அது. அதை நிறைவேற்றக் கேட்பது நம் பொறுப்பு.

விபத்தென்றால் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. 1934 இல் இருந்து இருக்கிறது. வேலை செய்யும்போது வேலை காரணமாக ஏற்பட்ட காயத்துக்கு முதலாளி நட்டஈடு கொடுக்க வேண்டும். 2022 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் அதன் உச்ச வரம்பு 20 இலட்சம் ரூபாய். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நட்டஈடு வேறு, வேலை வேறு. “நட்டஈடு வாங்கினாய், ஆகவே வேலை இல்லை” என்று சொல்ல முடியாது. “லேசான வேலை கொடுத்தோம், ஆகவே நட்டஈடு இல்லை” என்றும் சொல்ல முடியாது. போன விரலுக்கு ஒரு கணக்கு. இருக்கிற கைக்கு இன்னொரு கணக்கு.

இடையில் ஒரு ஓட்டை இருக்கிறது என்பது உண்மை. அந்த ஓட்டையை நாம் எப்படி அடைப்பது? ஒப்பந்தத்தால். கம்பனிகளோடு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை செய்துவந்த கூட்டு ஒப்பந்தம் 2021 ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. அந்த ஒப்பந்தங்களில் நாம் எதற்காகச் சண்டை போட்டோம்? சம்பளத்துக்கும் கிலோவுக்கும். அது சரி. ஆனால் கை முறிந்தவருக்காக ஒரு வரி எழுதச் சொல்லி நாம் கேட்டோமா? அடுத்து எந்த மேசையில் உட்கார்ந்தாலும் அந்த வரி நம் கையில் இருக்க வேண்டும்.

நம்மிடம் கேட்கப்படும் கேள்விகள்

நிர்வாகம் கேட்கும்: “அவருடைய பாதுகாப்புக்காகத்தானே நிறுத்துகிறோம்?” நாம் சொல்ல வேண்டியது: பாதுகாப்பு வேலையை மாற்றுவதற்குக் காரணம், ஆளை அனுப்புவதற்குக் காரணம் அல்ல.

நிர்வாகம் கேட்கும்: “ஒருவருக்குக் கொடுத்தால் எல்லோரும் சாட்டுச் சொல்லி லேசான வேலை கேட்பார்கள்.” நாம் சொல்ல வேண்டியது: வைத்தியரின் துண்டைப் பாருங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்பப் பாருங்கள். சுகமானவர் மலைக்குப் போகட்டும்.

நம் ஆட்களும் கேட்பார்கள். இதுதான் கஷ்டமான கேள்வி. “அவளுக்கு மட்டும் ரோட்டோரத்து மலையா? அவள் கிலோவையும் நாங்கள்தான் பறிக்கணுமா?” இந்தக் கேள்வியை அதட்டி அடக்காதீர்கள். அதில் ஒரு நியாயம் இருக்கிறது. மாற்று ஏற்பாட்டின் சுமை பக்கத்து நிரைக்காரியின் முதுகில் ஏறக் கூடாது. அது முதலாளியின் பொறுப்பு, ஆகவே முதலாளியின் கணக்கில்தான் ஏற வேண்டும். மற்றவர்களின் கிலோவைக் கூட்டாமல் அதைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள். அதற்குப் பிறகு அந்தச் சகோதரியிடம் ஒன்று சொல்லுங்கள்: 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இந்த நாட்டில் ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் 8.7 சதவீதம், அதாவது 16 இலட்சத்துக்கும் அதிகமானவர்கள், ஏதோ ஒரு இயலாமையோடு வாழ்கிறார்கள். பார்வைச் சிரமம்தான் அதில் முதலிடம். அடுத்தது நடப்பதில் சிரமம். நாம் செய்வது கண்ணாலும் காலாலும் செய்யும் வேலை. இன்று அந்த அக்கா, நாளை யார் என்று வழுக்குப் பாதைக்குத்தான் தெரியும்.

தலைவர்மார் செய்ய வேண்டியது

ஒன்று. யாராவது விழுந்தால், வெட்டுப் பட்டால், குளவி கொட்டினால், அன்றைக்கே டிஸ்பென்சரியில் பதிய வையுங்கள். சின்னக் காயம் என்று விடாதீர்கள். பதிவு இல்லாத விபத்து நடக்காத விபத்து என்று சொல்லிவிடுவார்கள்.

இரண்டு. ஆஸ்பத்திரி வைத்தியரிடம் துண்டு வாங்கும்போது, செய்யக் கூடாததை மட்டுமல்ல, செய்யக்கூடியதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். “பாரம் தூக்கக்கூடாது” என்றால் கதவு மூடுகிறது. “உட்கார்ந்து செய்யும் வேலை செய்யலாம்” என்றால் கதவு திறக்கிறது.

மூன்று. வேலைக்குத் திரும்பும் முதல் நாள் அவரோடு பெரட்டுக்குப் போங்கள். திருப்பி அனுப்பினால், திகதியையும் சொன்ன வார்த்தையையும் பிள்ளையின் பழைய கொப்பியிலாவது எழுதி வையுங்கள். அந்த அக்காவின் மகள் ஒரு கலண்டரில் பதினொரு நாளுக்கும் புள்ளி போட்டு வைத்திருந்தாள். தொழில் காரியாலயத்தில் எங்களுக்குக் கைகொடுத்தது அந்தக் கலண்டர்தான்.

நான்கு. மாற்று ஏற்பாட்டைக் கடிதத்தில் கேளுங்கள். என்ன வேலை, எந்த இடம், முழுப் பேர். மூன்று வரி போதும். பிரதியில் திகதியோடு ஆபீஸ் முத்திரை வாங்குங்கள்.

ஐந்து. வாசிக்காத கடிதத்தில் யாரும் கையெழுத்தோ ரேகையோ வைக்கக் கூடாது. தமிழில் தரச் சொல்லிக் கேளுங்கள். தரவில்லை என்றால் வாசிக்கத் தெரிந்த பிள்ளையிடமோ ஆசிரியரிடமோ சங்கத்திடமோ கொண்டு வாருங்கள். ‘சுயவிருப்பம்’ என்ற சொல் வருகிறதா என்று முதலில் பாருங்கள்.

ஆறு. மறுத்தால் மாவட்ட சங்கக் காரியாலயத்துக்குச் சொல்லுங்கள். தொழில் திணைக்களத்துக்குப் போவோம். நிறுத்திவிட்டார்கள் என்றால், தொழில் நியாயசபைக்கு ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். “தீபாவளி முடியட்டும், தேர்த் திருவிழா முடியட்டும்” என்று நாள் கடத்தி உரிமையை இழந்தவர்கள் நம்மில் பலர்.

நம் வீட்டையும் திருத்துவோம்

தலைவர்மாரே, இந்த மண்டபம் மேல்மாடியில் இருக்கிறது. இருபத்திரண்டு படி. காலை இழந்த நம் தோழர் ஒருவர் கீழே தேநீர்க் கடையில் உட்கார்ந்திருக்கிறார். அவரைத் தூக்கிக்கொண்டு வருகிறோம் என்றோம். “சின்னப் பிள்ளையைப் போல தூக்கிட்டுப் போக வேணாம்” என்று மறுத்துவிட்டார். அவர் சொன்னது சரி. இயலாமை உள்ளவர்களைப் பற்றிய கூட்டத்தை அவர்கள் வர முடியாத இடத்தில் வைத்தது நம் பிழை. அடுத்த வகுப்பு கீழே நடக்கும். இதைச் சங்கத்தின் சார்பில் சொல்கிறோம்.

இன்னொன்று நம் வாய். ‘நொண்டி’, ‘செவிடன்’, ‘ஒத்தக்கண்ணன்’ என்று ஆளுக்குப் பேர் வைத்துக் கூப்பிடுகிறோம். பாசமாகத்தான் சொல்கிறோம் என்போம். ஆனால் பெரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளைக்கு முன்னால் நாமே ஒருவரை நொண்டி என்று கூப்பிட்டுவிட்டு, பிறகு ஆபீசுக்குப் போய் அவரால் வேலை செய்ய முடியும் என்று வாதாடினால் யார் நம்புவார்கள்? செக்ரோலில் அவருக்கு ஒரு பேர் இருக்கிறது. அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுவோம்.

அக்காவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். தொழில் காரியாலயத்தில் இரண்டு தடவை பேச்சு நடந்தது. முதல் தடவை முடியாது என்றார்கள். இரண்டாம் தடவை நாற்றுமேடையில் வேலை, முழுப் பேர் என்று ஒப்புக்கொண்டார்கள். அதை எழுத்தில் தரும்படி கேட்டோம். “எங்க வார்த்தையில நம்பிக்கை இல்லையா?” என்றார்கள். நம்பிக்கை இருக்கிறது, தாளும் வேண்டும் என்றோம். ஒரு பக்கக் கடிதம் கிடைத்தது. அந்தப் பதினொரு நாள் சம்பளம் இன்னும் கிடைக்கவில்லை. நட்டஈட்டு விண்ணப்பமும் விசாரணையில் இருக்கிறது. இரண்டையும் விடமாட்டோம்.

மூன்று மாதத்தில் அந்தத் தொரை மாற்றலாகிப் போனார். புதியவர் வந்த முதல் வாரமே நாற்றுமேடையில் ஆள் அதிகம் என்று அக்காவை மலைக்குப் போகச் சொன்னார். அக்கா வீட்டுக்குப் போய், பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருந்த கடிதத்தை எடுத்துவந்து நீட்டினார். புதியவர் வாசித்தார். “சரி, போய் வேலையப் பாருங்க” என்றார்.

தயவுக்கும் உரிமைக்கும் வித்தியாசம் அந்தப் பொலித்தீன் பைதான். முன்பும் நல்ல தொரைமார் இருந்திருக்கிறார்கள். சுகமில்லாதவரைப் பார்த்து “பாவம், பிள்ளை மடுவத்துல நில்லு” என்று சொன்னவர்கள் இருந்திருக்கிறார்கள். அவர்கள் மாற்றலாகிப் போகும்போது அந்தத் தயவும் அவர்களோடு வாகனம் ஏறிப் போய்விடும். எழுத்தில் இருப்பது தோட்டத்திலேயே நிற்கும்.

ஆகவே இன்று மூன்று தீர்மானங்களை உங்கள் முன் வைக்கிறோம். ஒன்று: வேலையின்போதோ நோயாலோ இயலாமைக்கு ஆளானவருக்கு முழுப் பேருடன் மாற்று வேலை கொடுக்க வேண்டும் என்ற வரியை, கம்பனிகளோடு செய்யும் அடுத்த எந்த ஒப்பந்தத்திலும் சேர்க்கக் கேட்பது. இரண்டு: சங்கத்தின் மாவட்டக் காரியாலயம் பார்க்காமல் எந்த விலகல் கடிதத்திலும் நம் அங்கத்தவர் கையெழுத்து வைப்பதில்லை, வைக்கும்படி எந்தத் தலைவரும் சொல்வதில்லை. மூன்று: ஒவ்வொரு தோட்டக் கமிட்டியிலும் இயலாமை உள்ள தொழிலாளி ஒருவர் இருக்க வேண்டும், கூட்டம் அவர் வரக்கூடிய இடத்தில் நடக்க வேண்டும்.

கை உயர்த்துவதற்கு முன் கீழே போவோம். தேநீர்க் கடைக்கு முன்னால் எல்லோரும் நிற்க இடம் இருக்கிறது. அந்தத் தோழரையும் வைத்துக்கொண்டு வாக்கெடுப்போம்.